குப்பைக்குள் அடங்கியிருக்கும் நெருப்பு

ஊரில் வயலும் தோட்டமும் வைத்திருந்தபோது குப்பை எமக்கு ஒரு பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. சமையல் மிச்சம் மாட்டுக்கோ கோழிக்கோ போய்ச் சேர்ந்தது. இலைகுழைகள் கோடிப்புறக் கிடங்கில் உக்கி அடுத்த போகத்திற்கு எருவாயின. குப்பை மேடு என்ற ஒன்றோடு அயலவராக வாழ நேர்ந்தது எம்மில் பலருக்கு இடம்பெயர்ந்த பின்னரே.

இதற்குக் காரணம் உண்டு. யாருக்கும் வேண்டாத நிலத்திலேயே நகரத்தின் குப்பை கொட்டப்படுகிறது. யாருக்கும் வேண்டாத நிலமே பல வேளைகளில் இடம்பெயர்ந்தோருக்கும் காட்டப்படுகிறது. உலகின் பல நாடுகளில் இவ்விரண்டும் ஒரே இடமாக அமைந்துவிடுவதைக் காண்கின்றோம். ஆகவே ஒரு குப்பை மேட்டினுள் என்ன நடக்கிறது, அது எப்போது ஆபத்தாகிறது, எப்போது பயன்படு பொருளாகிறது என்பவற்றை மற்றவர்களை விட நாமே நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

குப்பை மேட்டிலிருந்து எரியும் வாயு ஒன்று இடைவிடாது வெளிவருகிறது. அதைக் கவனியாது விட்டால் அருகில் வாழ்பவர்களுக்குக் கேடு. முறையாகப் பிடித்தால் அது அடுப்பெரிக்கும், மின்சாரமும் தரும். இவ்வேலை பெரிய அளவில் எப்படி நடைபெறுகிறது என்பதையும், அதையே ஒரு விவசாயக் குடும்பம் தன் வளவில் சிறிய அளவில் எப்படிச் செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

குப்பைக்குள் நடப்பது என்ன?

சோறு, மரக்கறித் தோல், மீன் கழிவு, இலை, கடதாசி, பருத்தித் துணி, மரத்துண்டு ஆகிய யாவும் உயிருள்ளவற்றிலிருந்து வந்த பொருட்கள். இவற்றை உக்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள். நுண்ணங்கிகளுள் இரண்டு வகை உண்டு. ஒன்று காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தி வாழ்வது. மற்றையது காற்றில்லாத இடத்தில் வாழ்வது.

நாம் கூட்டெரு போடும்போது கும்பியை இடைக்கிடை புரட்டிக் காற்றோட்டம் கொடுக்கின்றோம். அங்கே வேலை செய்பவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவை காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. நல்ல கூட்டெருக் கும்பியினுள் கையை வைத்தால் சுடுவது இதனாலேயே.

குப்பை மேட்டின் கதை வேறு. அங்கே ஒரு நாள் குப்பையின் மேல் அடுத்த நாள் குப்பை வந்து விழுகிறது. பாரத்தினால் அடிக்குப்பை நெரிபடுகிறது. உள்ளே இருந்த கொஞ்சக் காற்றும் விரைவில் தீர்ந்துபோகிறது. அதன்பின் காற்று வேண்டாத நுண்ணங்கிகள் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் குப்பை புளித்து அமிலமாகிறது. நாற்றம் கூடுதலாக வீசுவது இக்கட்டத்திலாகும். பின்னர் அந்த அமிலங்களைத் தின்று மெதேன் என்னும் வாயுவை உண்டாக்கும் நுண்ணங்கிகள் பெருகுகின்றன.

மெதேன் எமக்குப் புதியதல்ல. வயற் சேற்றை மிதிக்கும்போது குமிழி குமிழியாக மேலெழுவது அதுவே. அசைபோடும் மாட்டின் வயிற்றிலும் அதுவே உண்டாகிறது. நிறமற்றது, மணமற்றது, காற்றை விட இலேசானது, நீலச் சுவாலையோடு எரிவது.

குப்பை மேட்டு வாயுவில் ஏறத்தாழ அரைவாசி மெதேன், மீதி அரைவாசி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. இவற்றோடு அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டும் வேறு சில வாயுக்களும் சிறிதளவில் கலந்திருக்கும். ஒரு தொன் நகரக் குப்பை தன் வாழ்நாளில் ஏறத்தாழ 100 முதல் 200 கன மீற்றர் வரை வாயுவைத் தரவல்லது. இது ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுவதில்லை. குப்பை கொட்டுவதை நிறுத்திய பின்னரும் 20, 30 ஆண்டுகளுக்கு வாயு வந்துகொண்டேயிருக்கும். எம்மைப் போன்ற வெப்பமும் மழையும் மிக்க நாடுகளில் உக்கல் வேகமாக நடைபெறுவதால் வாயு முந்தி வரும், முந்திக் குறையவும் செய்யும்.

கவனியாது விட்டால்

மெதேன் காற்றோடு கலக்கும்போது அதன் அளவு 5 முதல் 15 வீதத்திற்குள் இருந்தால், ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும். திறந்த வெளியில் அது கலைந்து போய்விடும். அறையினுள், கிணற்றினுள், மலக்குழியினுள் தேங்கினால்தான் ஆபத்து.

1986 மார்ச் 24 இல் இங்கிலாந்தின் டார்பிசயர் மாவட்டத்திலுள்ள லொஸ்கோ என்ற கிராமத்தில் அதிகாலை வேளையில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று. வீட்டிலிருந்த மூவர் படுகாயமடைந்தனர். அண்மையில் இருந்த குப்பை நிலம் 1982 இலேயே மூடப்பட்டிருந்தது. அன்றிரவு காற்றமுக்கம் திடீரெனக் குறைந்ததால், மண்ணுக்கடியில் அடைபட்டிருந்த வாயு பாறை இடுக்குகளின் வழியே ஊர்ந்து வந்து வீட்டின் அடியில் சேர்ந்தது. மூடி நான்கு ஆண்டுகள் கழிந்த குப்பை நிலமும் செத்துவிடுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. இங்கிலாந்தில் குப்பை நிலங்களைப் பற்றிய விதிகள் இறுகுவதற்கும் இது காரணமாயிற்று.

1993 ஏப்ரல் 28 இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரில், உம்ரானியே பகுதிக் குப்பை மேட்டில் மெதேன் வெடித்தது. சரிந்த குப்பை அருகிலிருந்த குடிசைகளை மூடியதில் 39 பேர் மாண்டனர். நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்திற்கு வந்த மக்களே அங்கு குடியிருந்தவர்கள்.

எமது நாட்டில் 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொலன்னாவைக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து வீடுகளைப் புதைத்ததையும் 32 பேர் இறந்ததையும் நாம் மறக்க முடியாது. கட்டுப்பாடின்றி உயர்ந்த மேடும், அதனுள் ஊறிய நீரும், தாங்கமாட்டாத அடிமண்ணும் அச்சரிவுக்குக் காரணமாயின. அம்மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தவர்கள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றுக்கும் மேலாக, மெதேன் பூமியைச் சூடாக்கும் வாயுக்களுள் ஒன்று. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரே எடையுள்ள காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு கூடுதலாக அது வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. பருவமழை தவறிப்போவதை முதலில் உணர்பவன் விவசாயி என்பதால் இதுவும் எமது கவலையே.

பயாட்டாசின் பாடம்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர்ப் பகுதியிலுள்ள கேசோன் நகரில் பயாட்டாஸ் என்றொரு குப்பை மேடு இருந்தது. மணிலாவின் பெயர்பெற்ற ‘ஸ்மோக்கி மவுண்டன்’ குப்பை மேடு 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டபோது, அங்கு குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களுள் பலர் பயாட்டாசுக்கு வந்து சேர்ந்தனர். நகரச் சேரிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் கிராமங்களில் நிலமிழந்தவர்களும் அங்கே கூடினர். மேட்டின் அடிவாரத்திலிருந்த ஒரு குடியிருப்புக்கு ‘லூபாங் பங்காக்கோ’ என்று பெயர். எமது மொழியில் அது ‘வாக்களிக்கப்பட்ட நிலம்’ என்று பொருள்படும்.

2000 யூலை 10 ஆம் திகதி, பல நாட்கள் விடாது பெய்த புயல் மழைக்குப் பின் அந்த மேடு இடிந்து குடிசைகளின் மேல் விழுந்தது. சரிந்த குப்பை தீப்பற்றியும் எரிந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்னும் பலர் காணாமற் போயினர்.

அந்த அழிவின் பின் பிலிப்பைன்ஸ் அரசு 2001 சனவரியில் திண்மக் கழிவு பற்றிய புதிய சட்டமொன்றைக் கொண்டுவந்தது. பயாட்டாசில் செங்குத்தாக இருந்த சரிவுகளைச் சாய்வாக வெட்டி, மேலே மண் மூடி, மழைநீர் ஓடுவதற்கு வழி செய்தனர். பின்னர் மேட்டினுள் குழாய்களை இறக்கி வாயுவைப் பிடிக்கத் தொடங்கினர். 2008 அளவில் இத்தாலிய நிறுவனமொன்றின் கிளை அங்கே வாயுவைச் சேர்த்து எரித்து, அதன் ஒரு பகுதியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மெதேன் வானத்திற் கலக்காமல் தடுத்ததற்காகப் பணக்கார நாடுகள் பணம் செலுத்தும் சர்வதேச ஏற்பாடு ஒன்றின் கீழ் இத்திட்டம் பதியப்பட்டது. குப்பை கொட்டுவது 2017 இல் முற்றாக நிறுத்தப்பட்டது.

பயாட்டாஸ் மக்களின் ஒழுங்கமைப்பும் குறிப்பிடத்தக்கது. வின்சென்சியன் சபைக் குருக்களின் துணையோடு, குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்களும் ஆண்களும் 1990களிலேயே சிறுசேமிப்புக் குழுக்களை அமைத்திருந்தனர். ஆளுக்குச் சில பெசோ வீதம் சேர்த்த அக்குழுக்கள், பேரழிவின் பின் பாதுகாப்பான இடத்தில் காணி தேடவும் அதிகாரிகளோடு பேசவும் அவர்களுக்குக் கைகொடுத்தன. குழாய்களைப் பொறியியலாளர்கள் இறக்கினார்கள். ஆனால் தமக்கு வேண்டியதை மக்கள் தாமே எடுத்துச் சொல்லக் கூடியதாக இருந்தது அவர்களது ஒற்றுமையினாலேயே.

வாயுவை எப்படிப் பிடிக்கிறார்கள்?

செய்முறை விளங்குவதற்குக் கடினமானதல்ல. குழாய்க் கிணறு அடிப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். அதைப் போலவே குப்பை மேட்டினுள் ஆழமாகத் துளையிடுகிறார்கள். அத்துளையினுள் பக்கமெல்லாம் ஓட்டையிட்ட பிளாஸ்ரிக் குழாயை இறக்கி, சுற்றிவரச் சல்லிக்கல் இடுகிறார்கள். வெளிக்காற்று உள்ளே போகாதபடி வாய்ப்பகுதியைக் களிமண்ணால் இறுக்கி அடைக்கிறார்கள். மேட்டின் பரப்பெங்கும் இப்படிப் பல கிணறுகள் அமைக்கப்படும். மேற்பரப்பையும் களிமண்ணாலோ தடித்த பிளாஸ்ரிக் விரிப்பாலோ மூடுகிறார்கள்.

கிணறுகள் எல்லாவற்றையும் ஒரு பெரிய குழாயோடு இணைத்து, ஓர் உறிஞ்சு விசிறியால் வாயுவை மெதுவாக இழுக்கிறார்கள். மிகவும் பலமாக இழுத்தால் வெளிக்காற்று மேட்டினுள் புகுந்துவிடும். அப்போது மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகள் செத்துப்போகும், குப்பை உள்ளுக்குள்ளேயே தீப்பற்றவும் கூடும். ஆகவே ஒவ்வொரு கிணற்றையும் அடிக்கடி அளந்து திருத்த வேண்டும். வெளிவரும் வாயு சூடும் ஈரமும் உள்ளது. குழாயில் அது குளிரும்போது நீர் வடியும். அந்நீர் தேங்கிக் குழாயை அடைத்துவிடாதபடி தாழ்வான இடங்களில் வடிகால் வைக்கப்படும்.

இவ்வாறு சேரும் வாயுவுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உயரமான குழாயின் நுனியில் அதை எரித்துவிடுவது. இதனால் மின்சாரம் கிடைக்காது. எனினும் வெடிக்கும் ஆபத்து நீங்கும், மெதேனும் அழியும். இரண்டாவது, நீரையும் ஐதரசன் சல்பைட்டையும் ஓரளவு நீக்கி, அருகிலுள்ள செங்கற் சூளைக்கோ தொழிற்சாலைக் கொதிகலனுக்கோ எரிபொருளாகக் கொடுப்பது. மூன்றாவது, வாயுவில் ஓடும் இயந்திரத்தை மின்பிறப்பாக்கியோடு பொருத்தி மின்சாரம் எடுப்பது. இம்முறையில் வாயுவிலுள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாக மாறும். மீதி வெப்பமாகப் போய்விடும்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் பருமட்டான கணக்குப்படி, பத்து இலட்சம் தொன் குப்பை உள்ள ஒரு மேடு சுமார் முக்கால் மெகாவாற்று மின்வலுவைத் தரும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையில் 1957 முதல் 2013 வரை இயங்கிய புவெந்தே ஹில்ஸ் என்ற மாபெரும் குப்பை நிலம் ஒரு காலத்தில் 50 மெகாவாற்று அளவில் மின்சாரம் தந்தது. சிறு பட்டினங்களின் குப்பை மேடுகளிலிருந்து அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. அங்கே வாயுவைப் பிடித்து எரித்துவிடுவதே பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்ததாக இருக்கும்.

இதுவே முழு மருந்தன்று

எந்தக் குப்பை மேட்டிலும் வாயு முழுவதையும் பிடித்துவிட முடியாது. குழாய் இறக்குமுன் போனது போனதுதான். பின்னரும் ஒரு பங்கு வெடிப்புகள் வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் தப்பிச் செல்லும்.

அதைவிட முக்கியமான கேள்வி, நன்மை யாருக்கு என்பது. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் பிசசார் வீதிக் குப்பை நிலம் 1980 இல், நிறவெறி ஆட்சிக் காலத்தில், இந்திய வம்சாவளியினர் வாழ்ந்த கிளெயர் எஸ்டேட் பகுதியில் திறக்கப்பட்டது. அதை மூடுமாறு அயலிலுள்ள மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தனர். 2000களில் அங்கே வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தபோது அம்மக்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தனர். வாயு பணம் தருகிறது என்றால் குப்பை நிலத்தை மூட யாருக்கு மனம் வரும் என்பதே அவர்களது வாதம். அருகிலிருந்த குடிசைவாசிகளோ வேலைவாய்ப்பை எதிர்பார்த்து அதை வரவேற்றனர். மின்சாரம் உற்பத்தியாயிற்று. ஆயினும் அந்த வாக்குவாதம் எழுப்பிய கேள்வி நியாயமானது. வாயுத் திட்டம் ஒன்று வருவதால் அயலில் வாழும் மக்களின் குரல் அடங்கிவிடக் கூடாது.

எமது நாட்டில் கெரவலப்பிட்டியவில் 2021 இல் திறக்கப்பட்ட மின் நிலையத்தையும் சிலர் இத்தோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அது வேறு முறை. அங்கே குப்பை நேரடியாக உலையில் எரிக்கப்பட்டு, அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுக்கப்படுகிறது. எமது குப்பையில் சோறும் மரக்கறியும் தேங்காய்க் கோம்பையும் மிகுதி. அரைவாசிக்கு மேல் உக்கக்கூடிய ஈரக்குப்பை. ஈரத்தை எரிப்பதற்கே வெப்பம் செலவாகிறது. அதே ஈரக்குப்பை, காற்றில்லாமல் உக்கவைத்தால் வாயு தருவதற்கு மிகவும் ஏற்றது. இதை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஈரக்குப்பையைப் பொலித்தீனோடும் போத்தலோடும் கலந்து மலையாகக் குவித்து, பின்னர் அந்த மலையைத் துளைத்து வாயு தேடுவதை விட, கலக்குமுன்னரே பிரித்தெடுத்து ஒரு தொட்டியில் உக்கவிடுவது சுலபம், மலிவு, பாதுகாப்பு. அதற்குப் பொறியியற் கம்பனி வேண்டியதில்லை. ஒரு மேசனும் நாலைந்து மாடுகளும் போதும்.

வளவிலேயே உயிர்வாயு

குப்பை மேட்டினுள் நடக்கும் அதே வேலை சாணகத் தொட்டியினுள்ளும் நடைபெறுகிறது. இதை உயிர்வாயு என்கிறோம். குப்பை மேட்டு வாயுவை விட இதில் மெதேன் சற்றுக் கூடுதலாக, 55 முதல் 65 வீதம் வரை இருக்கும்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ பச்சைச் சாணகத்திலிருந்து ஏறத்தாழ 40 லீற்றர் வாயு கிடைக்கும். ஆகவே 25 கிலோவிலிருந்து ஒரு கன மீற்றர். பகலில் மேயவிட்டு இரவில் கட்டும் நாட்டு மாடொன்றிடமிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ சாணகம் சேர்க்கலாம் என்று கொண்டால், ஐந்து மாடுகள் வேண்டும். ஒரு கன மீற்றர் வாயு ஓர் அடுப்பை இரண்டு மூன்று மணி நேரம் எரிக்கும். அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ விறகுக்கு அல்லது அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட மண்ணெண்ணெய்க்கு ஈடானது. 1990களில் மண்ணெண்ணெய் கிடையாமல் ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தவர்களுக்கும், 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கும் இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

சாணகத்திற்குச் சம அளவு தண்ணீர் கலந்து கரைத்து ஊற்ற வேண்டும். நாளொன்றுக்கு 25 கிலோ சாணகமும் 25 லீற்றர் தண்ணீரும் சேர்ந்து 50 லீற்றர் ஆகிறது. அது தொட்டியினுள் 40 நாட்களாவது தங்க வேண்டும் என்பதால், கரைசலுக்கு மட்டும் 2,000 லீற்றர் இடம் தேவை. வாயு தங்குவதற்கு மேலே வேறாக இடம் வேண்டும். மரக்கறிக் கழிவையும் பழைய சோற்றையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். ஒரேயடியாகக் கூட்டினால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும். கோடையில் குடிப்பதற்கே தண்ணீர் இல்லாத இடமானால் இம்முறையை யோசித்தே தொடங்க வேண்டும்.

நெற்செய்கையாளர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. இலங்கையின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலைப் பயன்படுத்தும் உலர் முறையொன்றை உருவாக்கியது. வைக்கோலையும் சாணகத்தையும் ஒரே தடவையில் தொட்டியில் நிரப்பி மூடிவிட்டால் மாதக்கணக்கில் வாயு வரும். அன்றாடம் கரைத்து ஊற்றும் வேலை இல்லை. தண்ணீரும் குறைவாகவே தேவை.

வாயு போனபின் வெளிவரும் கரைசல் வீணானதல்ல. பசளைச் சத்துக்களில் பெரும்பங்கு அதிலேயே இருக்கிறது. இலையான் மொய்ப்பதும் நாற்றமும் குறைவு. 2021 இல் இரசாயனப் பசளை திடீரெனத் தடைசெய்யப்பட்டு விவசாயிகள் திண்டாடியபோது, கையில் எரு வைத்திருந்தவன் ஓரளவேனும் தாக்குப்பிடித்தான்.

ஆனால் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். செங்கல்லும் சீமெந்தும் கொண்டு நிலத்திற்குள் கட்டும் குவிமாடத் தொட்டி நெடுங்காலம் உழைக்கும். நாளை எழும்பு என்றால் அதைத் தூக்கிச் செல்ல முடியாது. தற்காலிகக் காணியில் இருப்பவர்களுக்குத் தடித்த பிளாஸ்ரிக் பை வகையோ, பெரிய பீப்பாக்களால் செய்யும் மிதவை வகையோ பொருந்தும். அவை சில ஆண்டுகளே உழைக்கும். ஆனால் செலவு குறைவு, கழற்றிக்கொண்டும் போகலாம். மாடு போதாத குடும்பங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்தும் செய்யலாம். அப்படியானால் சாணகம் யார் சேர்ப்பது, அடுப்பு யார் வீட்டில், எரு எப்படிப் பங்கு என்பவற்றைத் தொடங்குமுன்னரே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டி அமைத்து முதல் வாயு வர இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை செல்லும். முதலில் வரும் வாயுவில் காற்றுக் கலந்திருப்பதால் அதைப் பற்றவைக்காது வெளியே விட்டுவிட வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். எக்காரணங் கொண்டும் தொட்டியினுள் எவரும் இறங்கக் கூடாது. வெறுமையாகத் தோன்றும் தொட்டியிலும் மூச்சடைக்கச் செய்யும் வாயு தங்கியிருக்கும். குழந்தைகள் விழாதபடி வாய்களை மூடி வையுங்கள்.

குப்பை மேட்டருகே வாழ நேர்ந்தால்

1. குப்பை மேட்டில் நீங்களாகத் துளையிட்டு வாயு எடுக்க முயல வேண்டாம். அது அளவிடும் கருவிகளும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை.

2. கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அது அணைகிறதா என்று பார்ப்பது எமது பழைய வழக்கம். காபனீரொட்சைட்டுத் தேங்கிய கிணற்றில் அது உதவும். குப்பை மேட்டருகே இதைச் செய்யவே கூடாது. மெதேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கச் செய்யும்.

3. மணத்தை நம்பியிருக்க வேண்டாம். மெதேனுக்கு மணமில்லை. ஐதரசன் சல்பைட்டோ அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்யும். வீட்டின் கதவு யன்னல்களை இறுக்கி மூடாது காற்றோட்டம் விடுங்கள்.

4. மழையில்லாமல் அல்ல, நீர் இருந்தும் ஓரிடத்தில் மட்டும் புல்லும் செடியும் பட்டுப்போனால், வேருக்கு எட்டும் காற்றை வாயு தள்ளிவிட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கிணற்று நீரின் நிறமோ மணமோ மாறினால் குடிப்பதை நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

5. பெருமழை நாட்களில் மேட்டில் புதிய வெடிப்புத் தோன்றினாலோ, அடிவாரம் வெளியே பிதுங்கினாலோ பொருட்களைப் பார்த்து நிற்க வேண்டாம். உடனே அகலுங்கள்.

6. குப்பைக்குத் தீ வைக்க வேண்டாம். பொலித்தீன் புகை நஞ்சு. மேட்டின் உள்ளே பிடித்த நெருப்பு வாரக்கணக்கில் அணையாது.

மீள்குடியேற்றத்திற்குக் காணி காட்டப்படும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இந்நிலத்தில் முன்னர் குப்பை கொட்டப்பட்டதா? அண்மையில் குப்பை மேடு உண்டா, அல்லது வரவிருக்கிறதா? மூடப்பட்டதாயின் எந்த ஆண்டில்? வாயு போக வழி செய்யப்பட்டதா? கிணற்று நீர் பரிசோதிக்கப்பட்டதா? இவற்றைத் தனியாளாகக் கேட்டால் பதில் வராமற் போகலாம். கிராம அபிவிருத்திச் சங்கமாக, மாதர் சங்கமாக, பங்குச் சபையாக எழுத்தில் கேட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உரிமை, அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், பொருளையும் மனிதரையும் பாவித்து எறியும் பழக்கத்தைச் சேர்த்தே கண்டித்தார். குப்பை மேட்டையும் அதனடியில் குடியிருப்பவர்களையும் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். யேசு மக்களுக்கு அப்பம் பகிர்ந்தளித்த பின் மிஞ்சிய துண்டுகளைக் கூடைகளில் சேர்க்கச் சொன்னதையும் நாம் அறிவோம். எமது அடுக்களைக் கோடியிலும் மாட்டுக் கொட்டிலிலும் மிஞ்சுவதை நாமும் கூடையில் சேர்க்கலாம். ஈரக்குப்பைக்கு ஒரு வாளி, பொலித்தீனுக்கு வேறொரு பை என்று இன்றைக்கே தொடங்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. உயிர்வாயுத் தொட்டி அமைக்க விரும்பும் குடும்பங்கள் தம்மிடமுள்ள மாடுகளின் எண்ணிக்கையையும், கோடையில் கிணற்றில் நிற்கும் நீரின் அளவையும், காணியின் நிலையையும் குறித்துக்கொண்டு தமது பகுதிக் கால்நடை அலுவலரையோ கமநல சேவை நிலையத்தையோ முதலில் அணுகுவது நல்லது.